வளைவுக்கும் ஓர் எல்லை உண்டு!

வளைகிறது, நெளிகிறது, ஆனாலும் ஊரை வாழவைக்கிறது! பாம்பா? அல்ல. பதவிக்காக முதுகை வளைக்கும் பச்சோந்தியா? அதுவும் அல்ல! துணை மின்நிலையத்திலே, மின்மாற்றிக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் நடுவே கிடக்கும் கேபிளைச் சொல்கிறேன், தோழர்களே!

உத்திரமேரூர் வட்டாரத்து உழவன் விடியலில் எழுந்து பம்புசெட்டைப் போடுகிறான். தண்ணீர் பாய்கிறது, நெற்பயிர் நிமிர்கிறது. அந்தக் காட்சிக்குப் பின்னே 11,000 வோல்ட் ஓடுகிறது. நம் வீட்டு விளக்குக்கு 230 வோல்ட். இதுவோ அதைப்போல் 47 மடங்குக்கும் மேல்!

அந்தப் பேராற்றலை ஏந்திய விறைப்பான கேபிள், இடுக்கான மூலைகளில் எளிதில் திரும்பாது. ஆகவே மெல்லிய செப்பிழைகளை நூற்றுக்கணக்கில் முறுக்கி, ரப்பர்க் காப்புப் போர்த்தி, வளையும் கேபிள் செய்கிறார்கள். அதுவும் எவ்வளவு வேண்டுமானாலும் வளையுமா? வளையாது! கேபிளின் தடிமனைப்போல் இத்தனை மடங்கு ஆரம் வேண்டும், அதற்குக் குறைத்து வளைக்காதே என்று, செய்தவனே எல்லை வகுத்து அனுப்புகிறான். மீறினால் காப்பு நலியும், ஒருநாள் வெடிக்கும்.

கேபிளுக்கு எல்லை வகுத்த உலகமே! அதை இணைக்கும் தொழிலாளியை எவ்வளவு வளைக்கலாம் என்று எல்லை வகுத்தாயா?

"மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, கை வை!" என்கிறார் மேஸ்திரி. போதுமா அது? போதாது! மதகை அடைத்த பின்னும் வாய்க்காலில் நீர் நிற்பதுபோல, நிறுத்திய பின்னும் கேபிளில் மின்னூட்டம் தேங்கி நிற்கும். மறுமுனையிலிருந்து மின்சாரம் திரும்பி வரவும் கூடும். லைன் கிளியர் வாங்க வேண்டும். மின்சாரம் இல்லையென்று கருவி கொண்டு சோதிக்க வேண்டும். தேங்கியதை எர்த் ராடு வைத்து மண்ணுக்கு இறக்க வேண்டும். வேலை முடியும்வரை எர்த் கட்டியே இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், அணைவது ஒரு குடும்பத்தின் விளக்கு!

1957 ஜூலை முதல் நாள் மின்வாரியம் பிறந்தது. அதன் வெளிச்சத்தைக் குக்கிராமம்வரை சுமந்து சென்றவை யாருடைய தோள்கள்? தொழிலாளியின் தோள்கள்! நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று மின்சாரம் பேதம் பார்ப்பதில்லை. கையுறை மட்டும் பேதம் பார்க்கலாமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். கி.பி. 921இல், பராந்தக சோழன் காலத்தில் பொறித்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் இடக்கூடாது என்று விதித்தது. ஊர்ப் பொருளுக்குக் கணக்குக் கேட்ட மண் இது. உயிருக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா?

கேட்போம்! எத்தனை கையுறை, எப்போது சோதித்தது, எத்தனை எர்த் ராடு என்பதை ஒவ்வொரு துணை மின்நிலையத்தின் வாயிலிலும் பலகையில் எழுதி வையுங்கள். பலகையில் கணக்கில்லையேல், பெட்டியில் கையில்லை!

கேபிள் வளையட்டும், அதை இணைப்பவன் நிமிர்ந்து நிற்கட்டும்!