கடல் தெரியாத ஜன்னல்

செங்கல்பட்டு ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட் நண்பர், மாமல்லபுரத்தில் கடல் பார்த்த மாதிரி வீடு பிடித்திருக்கிறார். போன ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். ஜன்னலில் கடலைக் காணோம். கண்ணாடி பூரா உப்பு!

"வாரா வாரம் துடைக்கிறேன் சார், வைப்பர் கிறீச்னு நின்னுடுது!"

பக்கெட்டை எட்டிப் பார்த்தேன். போர் தண்ணியில் குளிக்கிற சோப்பு. விளங்கின மாதிரிதான்! அந்தத் தண்ணியிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து ஒட்டும். ரப்பர் எப்படி வழுக்கும்? பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இப்படித் திரியாது. பக்கெட்டுக்கு 1 ஸ்பூன் போதும் (தாராள மனசு வேண்டாம், கோடு விழும்). முதலில் வெறும் தண்ணீர் அடித்து உப்பையும் மணலையும் இறக்கிவிட வேண்டும். வறட்டுத் துணி போட்டால் மணல் கீறிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பர் விளிம்பைத் துடைச்சுக்கணும்.

"ஒரு கண்ணாடிக்கு இத்தனை பாடா?"

கடற்கரைக் கோயில் பக்கம் கை காட்டினேன். 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அந்தக் கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறைக்காரர்கள் ஈரக் காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

நண்பர் யோசித்தார்.

"அந்தக் கூழ் எங்கே சார் கிடைக்கும்?"