கைவினைஞர் விட்டுச் சென்ற வினா

கலை என்றவுடன் கவிதை, ஓவியம், சிற்பம் என்றே எண்ணிப் பழகியவர்கள் நாம். எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கும் அவ்வரிசையில் இடமுண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிள்களைத் தம் கைகளாலேயே உருவாக்கிப் புகழ்பெற்ற 'இந்தியன் லாரி'யின் வாழ்வு இதனை நமக்கு உணர்த்துகிறது.

பெயர் கொண்டு அவரை நம் நாட்டவர் என்று எண்ண வேண்டா. லாரி டெஸ்மெட் என்னும் அவர் 1949-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 'இந்தியன்' என்பது அவர் ஓட்டிய பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிளின் பெயர். இளமையில் போதைக்கு ஆட்பட்டார். வங்கிக் கொள்ளைக் குற்றத்திற்காகச் சிங் சிங் சிறையில் இருந்தார். அத்தகையவர் பின்னாளில் புரூக்ளின் நகர்ப் பகுதியில் பட்டறை அமைத்து, பலர் வியக்கும் தொழில் வல்லுநராக உயர்ந்தார். வழுக்கி வீழ்ந்தவன் எழ முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவர் விரும்பிச் செய்தவை 'சாப்பர்' வகை வண்டிகள். வேண்டாத உறுப்புகளை வெட்டிக் களைந்து, இயந்திரத்தின் உறுப்புகள் கண்ணுக்குப் புலனாகுமாறு அமைப்பது அவரது முறை. சொற்சுருக்கம் நல்ல செய்யுளுக்கு அழகு தருவது போல, அச்சுருக்கம் அவ்வண்டிகளுக்கு அழகு தந்தது. சங்கிலிக் கண்ணிகளைப் பற்றவைத்தே ஒரு வண்டியின் சட்டத்தை அவர் அமைத்தார். டிஸ்கவரி தொலைக்காட்சி அவரது திறத்தை உலகறியச் செய்தது.

ஓடும் வண்டியின் இருக்கைமீது ஏறி நின்று, இரு கைகளையும் விரித்துச் செல்வது அவருக்குக் கைவந்த சாகசம். 2004 ஆகஸ்டு 28-இல் வட கரோலினாவின் கான்கார்டு நகரில் அவ்வாறு நின்றபோது கீழே விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தலைக் காயத்தால் ஆகஸ்டு 30-இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

விரும்பியதைச் செய்தவாறே மறைவது வீரம் என்பாரும் உளர். அதனை நான் ஏற்பதற்கில்லை. சாகசமும் பயிற்சியால் விளைவதே. அதனைப் பழித்தல் என் நோக்கமன்று. ஆயினும், பயிற்சி பிழையைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிக்காது. எஞ்சும் ஒரு பிழைக்காகவே தலைக்கவசம் இருக்கிறது. பற்றவைத்த இடம் ஒவ்வொன்றும் உறுதியாக நிற்க வேண்டும் என்பது பட்டறையின் அறம். அந்த அறத்தைத் தம் உயிருக்கு அவர் பொருத்திப் பார்த்திருந்தால், இன்னும் பல வண்டிகள் அக்கைகளில் உருவாகியிருக்கும். அவரிடம் தொழில் பயிலும் இளைஞர்களும் பெருகியிருப்பர்.

மாணவச் செல்வங்களே! அவர் வண்டிமேல் நின்ற காட்சியே படங்களில் உங்கள் கண்ணைக் கவரும். அந்நிலைக்கு வருமுன் அவர் பட்டறையில் குனிந்து உழைத்த ஆண்டுகள் எத்தனையோ! போற்றத்தக்கது அவ்வுழைப்பே. லாரி தம் சின்னமாகக் கொண்டது ஒரு வினாக்குறி. எதற்காக உயிரைப் பணயம் வைக்கிறோம் என்று வண்டியை இயக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தக்க விடை கிடைக்காவிடின் இறங்கி நில்லுங்கள். அதில் இழிவு ஏதுமில்லை.