டெஸ்ட் அணியை அடகு வைத்தது யார்?

2024 பிப்ரவரி 4 அன்று நியூசிலாந்தின் மவுண்ட் மவுங்கனுயியில் தென்னாப்பிரிக்கக் கேப்டனாக டாஸ் போட வந்த நீல் பிராண்ட், அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. அவரோடு சேர்த்து அணியில் ஆறு பேருக்கு அன்றுதான் அறிமுகம். 281 ரன் வித்தியாசத்தில் தோல்வி. தொடரும் போனது. டெஸ்ட் தொடரில் நியூசிலாந்திடம் தென்னாப்பிரிக்கா தோற்றது அதுவே முதல் முறை.

அணியின் முன்னணி வீரர்களான மார்க்ரம், யான்சன், மகராஜ் யாருக்கும் காயமில்லை. அந்த டெஸ்ட் முடிந்த மூன்றாம் நாள் கேப்டவுனில், தென்னாப்பிரிக்காவின் டி20 லீக்கான எஸ்ஏ20 இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். லீக்கில் ஒப்பந்தமானவர் லீக்கில்தான் ஆட வேண்டும் என்பதே அப்போதைய ஏற்பாடு. நாட்டு அணி அப்புறம்!

2022இல் விற்கப்பட்ட இந்த லீக்கின் ஆறு அணிகளும் ஐபிஎல் முதலாளிகள் கையில். ஜோபர்க் சூப்பர் கிங்ஸ், சன்ரைசர்ஸ் ஈஸ்டர்ன் கேப் இரண்டுக்கும் உரிமையாளர்கள் நம் சென்னைக்காரர்கள். பெருமைப்படத்தான் தோன்றும். ஆனால் இந்திய ஆடவர் அணியில் ஆடும் எவரையும் வெளிநாட்டு லீக்குக்கு நம் கிரிக்கெட் வாரியம் விடுவதில்லை. தினேஷ் கார்த்திக் ஓய்வு பெற்ற பிறகே எஸ்ஏ20 அணியான பார்ல் ராயல்ஸுக்கு ஆட முடிந்தது. சொந்த ஊரில் அடங்கி நடக்கும் முதலாளிகளுக்கு அடுத்தவன் நாட்டில் மட்டும் எதற்கு இந்தச் சலுகை?

முதல் குற்றவாளி தென்னாப்பிரிக்க வாரியம்தான். நியூசிலாந்துப் பயணம் முன்பே முடிவானது என்று அதுவே ஒப்புக்கொண்டது. தேதிகள் மோதுவது தெரிந்த பிறகும் அதே நாட்களில் லீக்கை நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நடக்கவிருந்த ஆஸ்திரேலிய ஒருநாள் தொடரிலிருந்தும் இதே லீக்குக்காக விலகி, உலகக் கோப்பைத் தகுதிப் புள்ளிகளைத் தாரை வார்த்தது. லீக் பணம் இல்லாவிட்டால் வாரியமே திவாலாகியிருக்கும் என்பார்கள். இருக்கலாம். கடன் கொடுத்தவனிடம்கூட நிபந்தனை பேச வாயிருக்கிறதே! 2025இல் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்கா உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் வென்றதைக் காட்டி இதை மறைப்பது இன்னும் மோசம். மார்க்ரம் அங்கே சதம் அடித்தது, டெஸ்ட் ஆட அவரை விட்டதால்தான்.

நாட்டு அணி அழைத்தால் வீரரை எந்த அபராதமும் இன்றி விடுவிக்க வேண்டும் என்ற ஒரு வரியை லீக் ஒப்பந்தத்தில் வாரியம் உடனே சேர்க்க வேண்டும். டெஸ்ட் தேதிகளை முடிவு செய்த பிறகே லீக் அட்டவணை வெளிவர வேண்டும். அதற்குச் சம்மதம் என்று ஆறு முதலாளிகளும் எழுதித் தர வேண்டும். சென்னை உரிமையாளர்கள் இருவரும் முதலில் கையெழுத்திடட்டும்.