பிடித்தம் எல்லோரிடமும்! வைத்தியம் பட்டியலில் மட்டுமா?

ஆசிரியரின் சம்பளத்தில் மாதந்தோறும் கை வைக்கிறார்கள். வைத்தியம் என்று போனால் கையை விரிக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் மருத்துவ இன்ஷூரன்ஸ் திட்டத்தின் லட்சணம் இதுதான்.

2008-ல் தொடங்கிய ஏற்பாடு இது. 2016-ல் மாதம் 180 ரூபாய் பிடித்தார்கள். 2021 ஜூலையில் அதை 300 ரூபாயாக உயர்த்தினார்கள். நான்கு ஆண்டுகளில் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட சில பெருநோய்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, கைக்காசு கட்டாமல் வைத்தியம் என்று சொன்னார்கள். எங்கே? கம்பெனியின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில். எதற்கு? அங்கே அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைக்கு.

மாரடைப்பு பட்டியலைப் பார்த்துவிட்டா வருகிறது? ஆவடியிலோ, அம்பத்தூரிலோ, பூந்தமல்லியிலோ ஓர் ஆசிரியைக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் வீட்டார் என்ன செய்வார்கள்? பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதன் பெயர் பட்டியலில் இல்லாமல் போகலாம். இருந்தாலும் கண் வைத்தியத்துக்கு இருக்கும், இருதயத்துக்கு இராது. எல்லாம் இருந்தாலும் "முதலில் பணம் கட்டுங்கள்" என்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டால் சர்க்கார் கம்பெனியைக் காட்டும். கம்பெனி, நடுவில் நிற்கும் ஏஜென்சியைக் காட்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்!

இது தற்செயலா? இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பிரீமியம் முன்கூட்டியே போய்விடுகிறது. கொடுக்காமல் விடும் ஒவ்வொரு ரூபாயும் கம்பெனிக்கு மிச்சம். ஆஸ்பத்திரி முதலாளியோ, கம்பெனி தரும் கட்டணம் கட்டுப்படியாகாது என்று கதவைச் சாத்துகிறார். அல்லது நோயாளியிடம் மேற்கொண்டு கறக்கிறார். இருவர் பேரத்தில் நசுங்குகிறவர் நோயாளி.

சட்டம் என்ன சொல்லுகிறது? ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர் சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆஸ்பத்திரியின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக்கூடாது. உண்மையில் சிகிச்சை நடந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொரு ஆசிரியரும் வக்கீல் வைத்து வழக்காடியா மருந்துச் செலவை வாங்க வேண்டும்?

"வாத்தியாருக்கு மாதச் சம்பளம், நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தோழரே, உமது கூலியிலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கை நூற்றுக்கு 4.75 ரூபாயிலிருந்து 3.25 ஆகக் குறைத்தார்கள். தொழிலாளியின் பங்கும் குறைந்தது. ஆனால் பெரிய மிச்சம் யாருக்கு? வயலில் நாற்று நடும் தாயே, உமது கையில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் ஒரு பட்டியல் உண்டு. இன்று ஆசிரியரைத் திருப்பி அனுப்பும் அதே கதவுதான் நாளை உம்மையும் திருப்பி அனுப்பும்.

பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று போர் கமிட்டி 1946-லேயே கூறிவிட்டது. வெள்ளைக்காரன் நாளில் எழுதியதைக்கூட நிறைவேற்றாமல், அட்டையையும் பட்டியலையும் நீட்டுகிறார்கள்!

நாம் கேட்பது சலுகை அல்ல. கட்டிய பணத்துக்குக் கணக்கு.

ஆபத்து வேளையில் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் செலவு முழுவதையும் கொடுக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வைத்தியம் என்ற விவரத்தைத் தாலுகாவாரியாக ஒவ்வொரு பள்ளியிலும் ஒட்ட வேண்டும். மேற்பணம் வாங்கும் ஆஸ்பத்திரியிடமிருந்து அதை மீட்டு நோயாளிக்குத் தர வேண்டும். ஒப்பந்தம் போடும்போது சங்கப் பிரதிநிதிகளை உட்கார வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களையும் நர்சுகளையும் படுக்கைகளையும் பெருக்க வேண்டும். அந்த வாசலுக்குப் பட்டியல் கிடையாது.

ஆசிரியர்கள் குரல் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களைத் தனியே நிற்க விடலாமா? மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுவோம். அவர்கள் கூட்டத்தில் நாமும் போய் நிற்போம்!