எதைவிடச் சூடு?

மின்கிட்டார் வாசிக்கத் தொடங்கி ஓராண்டைக் கடந்த மாணவர்களிடமிருந்து ஒரே குறை திரும்பத் திரும்ப எழுகிறது. கழுத்தருகே உள்ள பிக்கப் இனிமையாக ஒலிக்கிறது. நடுவில் உள்ளது பரவாயில்லை. பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறியதும் ஒலி மெலிந்து காதைக் குத்துகிறது. ஷில்லாங்கிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இந்தக் குறைக்குச் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: "இதைக் கழற்றிவிட்டு இன்னும் ஹாட்டான பிக்கப் ஒன்றைப் போடு." வெளிநாட்டுத் தயாரிப்பாக வரும் அந்த மருந்தின் விலை, மாணவர் வைத்திருக்கும் தொடக்கநிலைக் கிட்டாரின் விலையில் பாதியை எளிதில் தொடும், சிலவேளை முழு விலையையும் எட்டும். உதவித்தொகையில் மாதாமாதம் மிச்சம் பிடித்த பணம் அதில் கரைகிறது. குறை தீர்ந்ததா என்று கேட்டால், "முன்பைவிட உரக்கக் கேட்கிறது" என்பதே விடையாக வருகிறது. அவர் சொன்ன குறை உரப்பைப் பற்றியதே அன்று என்பது அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

இந்தக் குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு விகுதி கிடையாது. 'இதைவிட', 'அதைக் காட்டிலும்' என்று ஒப்பிடப்படும் பொருளைப் பெயர் சொல்லி நிறுத்திய பிறகே பேச்சு தெளிவடையும். ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்பு, எல்லை என்னும் பொருள்களை இலக்கணிகள் வகுத்துவைத்ததும் இந்தத் தேவையை அறிந்துதான். ஆங்கிலத்தில் 'ஹாட்டர்' என்று விகுதியை ஒட்டிவிட்டு, எதைவிட என்பதைச் சொல்லாமலே கடந்துவிடலாம். பிக்கப் வணிகம் இந்த விடுபாட்டிலேயே குடியிருக்கிறது. எதைவிடச் சூடு? எந்த அளவுகோலில் சூடு? கூடுதல் மின்னழுத்தம் தருவதா, ஒலியைத் தடிப்பாக்குவதா, பெருக்கியை விரைவில் சிதறவைப்பதா? இவை மூன்றும் வெவ்வேறு பண்புகள். மூன்றையும் ஒரே சொல்லில் கட்டி விற்கும்போது, வாங்குபவர் தமக்கு வேண்டியது எது என்று கேட்கும் வாய்ப்பையே இழக்கிறார்.

அளவுகோல் கேட்பவரின் வாயை அடைக்க ஓர் எண் வைக்கப்பட்டிருக்கிறது: கிலோ ஓம். மல்டிமீட்டரை வைத்தால் 6 என்று காட்டும் பிக்கப் மென்மையானது, 8 நடுத்தரம், 16 என்றால் அனல் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அந்த எண் அளப்பது செம்புக்கம்பியின் நேர்மின்தடையை மட்டுமே. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சூழப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய கம்பியும் சேர்ந்தது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அந்த மின்னழுத்தத்தை முடிவு செய்பவை காந்தத்தின் வலிமை, சுற்றுகளின் எண்ணிக்கை, தந்திக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி ஆகியவை. மின்தடை இவற்றின் பக்கவிளைவு.

பக்கவிளைவைக் காரணமாகப் படித்தால் என்னவாகும்? 42ஆம் எண் கம்பிக்குப் பதில் அதனினும் மெல்லிய 43ஆம் எண் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றினால், மின்தடை ஏறத்தாழக் கால் பங்கு உயரும். 8 என்று காட்டியது 10 என்று காட்டும்; தூண்டப்படும் மின்னழுத்தமோ அநேகமாக மாறாது. டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 13, 14 கிலோ ஓம் அளவில் நிற்பது. சீமோர் டங்கனின் ஜேபி 16ஐத் தாண்டுவது. இரண்டையும் வாசித்துப் பார்த்தவர் எவரும் ஜேபியே உரத்தது என்று எளிதில் சொல்லிவிட மாட்டார். ஒன்றில் இருப்பது பீங்கான் காந்தம், மற்றதில் அல்னிக்கோ. எண்ணில் இந்த வேறுபாடு எங்கும் தெரியாது. இஎம்ஜி 81 போன்ற பிக்கப்புகளுக்குள் 9 வோல்ட் பேட்டரியால் இயங்கும் சிறு பெருக்கியே இருக்கிறது. அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் கிடைக்கும் எண்ணுக்கும் அதன் உரப்புக்கும் தொடர்பே இல்லை.

வேடிக்கை இன்னும் ஒன்று உண்டு. செம்பின் மின்தடை வெப்பநிலையோடு ஏறும். ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு. ஷில்லாங்கின் குளிர்காலத்தில், 10 பாகையில், 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப்பை மே மாத நாக்பூருக்கு எடுத்துச் சென்று 42 பாகையில் அளந்தால் 9 கிலோ ஓம் காட்டும். இந்த எண்ணையே வேதமாகக் கொள்வோர், நாக்பூரின் வெயிலில் வைத்தே பிக்கப்பைச் 'சூடாக்கி'க் கொள்ளலாம், செலவு மிச்சம். ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரமாக வாசித்துப் பழகிய கல்விப்புலத்துக்கு இந்த நோய் புதிதன்று. எளிதில் அளக்கக் கிடைப்பது எதுவோ அதுவே அளக்கப்பட வேண்டியது என்று ஆகிவிடுகிறது.

மாணவரின் குறைக்குத் திரும்பினால், பிரிட்ஜ் பிக்கப் மெலிவதற்கு முதற்காரணம் அது அமர்ந்திருக்கும் இடம். தந்தி கட்டுண்டிருக்கும் முனையின் அருகே அதன் வீச்சு சிறிது. அடித்தொனி வலுவிழந்து மேல்தொனிகள் முன்னே நிற்கும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று இடங்களிலும் ஒரே வகைப் பிக்கப்புதான் பொருத்தப்பட்டது. போதாததற்கு, அதன் மரபான இணைப்பில் இரண்டு டோன் குமிழ்கள் கழுத்துக்கும் நடுவுக்கும் ஒதுக்கப்பட்டன. மிகக் கூர்மையாக ஒலிக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே இல்லை. அந்த வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்படும் மலிவுவிலைக் கிட்டார்கள் பலவும் இந்த இணைப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. காதைக் குத்துகிறது என்று மாணவர் சொல்வது, பெரும்பாலும், ஒரு துண்டு ஒயர் இல்லாத குறை.

சூடான பிக்கப் போட்டதும் குத்தல் குறைகிறதே என்பார்கள். குறைகிறது, ஆனால் உரப்பால் அன்று. சுற்றுகள் பெருகினால் சுருளின் தன்மின்தூண்டல் பெருகும். இத்தூண்டலும், கேபிளிலும் சுருளிலும் உள்ள மின்தேக்குத்திறனும் சேர்ந்து, ஒலி எந்த அதிர்வெண்ணில் உச்சம் பெற்று அதற்குமேல் சரியவேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. மொத்த மின்தேக்குத்திறன் 580 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 2.4 ஹென்றி உள்ள ஒற்றைச்சுருள் பிக்கப்பின் உச்சம் 4,300 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். 8 ஹென்றி உள்ள சூடான பிக்கப்பில் அது 2,300 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். குத்தலை நீக்கியது இந்த இறக்கம். அதே வேலையைச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 470 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் செய்யும். பழைய பிரிட்ஜ் பிக்கப்பின் இரு முனைகளுக்கு இடையே அதைப் பற்றவைத்தால் உச்சம் 3,200 ஹெர்ட்ஸ் அருகே வந்து நிற்கும். அது பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் உலவும் பகுதி.

சூடான பிக்கப் ஒரு காலத்தின் உண்மையான தேவைக்குப் பிறந்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை. 1972இல் சூப்பர் டிஸ்டார்ஷன் வந்தபோது, மேடைகளில் இருந்தவை வால்வ் பெருக்கிகள். ஒலியைச் சிதறவைக்க அவற்றை முழு உரப்பில் ஓட்டவேண்டியிருந்தது. பெருக்கியின் முதல் நிலையைக் கூடுதல் மின்னழுத்தத்தால் மோதும் பிக்கப் அன்று ஒரு கண்டுபிடிப்பு. இந்திய விடுதி அறையில் அந்தப் பெருக்கி எங்கே இருக்கிறது? இருப்பது பல்விளைவுப் பிராசசர், அல்லது மடிக்கணினியோடு இணைத்த ஆடியோ இன்டர்ஃபேஸ். அவற்றில் சிதறல் வேண்டுமென்றால் கெய்ன் குமிழைத் திருப்பினால் போதும். மிகுந்த மின்னழுத்தம் தரும் பிக்கப்பை அவற்றில் செருகினால், உள்வாயிலேயே அலை வெட்டுப்பட்டு அழகற்ற கரகரப்பு எழுகிறது. மாணவர் உள்வாய்க் குமிழைக் குறைக்கிறார். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய உரப்பை ஒரு குமிழால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இரைச்சலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒற்றைச்சுருளில் சுற்றுகளைக் கூட்டினால் இசை மட்டும் கூடுவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்வலையின் முனகலும் சேர்ந்தே கூடும். எர்த் இணைப்பு பெயரளவுக்கே உள்ள விடுதிச் சுவர்களிலும், அவசரமாக ஒயர் இழுத்த கல்லூரி விழா மேடைகளிலும் அந்த முனகல் வாசிப்பை விழுங்கிவிடும்.

வலிமையே பண்பு என்ற எண்ணம் இந்தியாவின் மின்தந்தி மரபுக்கும் பொருந்துவதில்லை. வங்காளத்தில் ரவீந்திர சங்கீதத்தை மின்ஹவாயன் கிட்டாரில் வாசித்த தலைமுறைகளுக்கும், மின்மாண்டலினில் கமகங்களைக் கொண்டுவந்த யூ. ஸ்ரீநிவாசுக்கும், மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவுக்கும் பொதுவாக வேண்டியிருந்தது, விரலின் மெல்லிய அழுத்த மாற்றம் கருவி வழியாகத் தேயாமல் வெளிவருவது. வெட்டுப்பட்ட அலையில் முதலில் மறைவது அந்த மாற்றம்தான்.

ஆகவே, பணப்பையைத் திறக்கும் முன் செய்யவேண்டியவை சில. பிரிட்ஜ் பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூ டிரைவரால் சற்றே ஏற்றி, மற்ற இரண்டையும் இறக்கிப் பார்க்கவேண்டும். உரப்பு வேறுபாட்டில் பெரும்பகுதி அங்கேயே தீரும். நடுப்பிக்கப்பின் டோன் குமிழை பிரிட்ஜுக்கும் இணைக்கவேண்டும். அதன் பிறகும் குத்தினால் மின்தேக்கியை முயலலாம். இவை மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு மாலைநேரத் தேநீர்ச் செலவைப் பெரிதும் தாண்டாது. இவற்றில் எதையும் பார்க்காமல் நேராகப் பிக்கப்பின் பெயரைச் சொல்லும் ஆலோசகர், நாடி பிடிக்காமல் மருந்து எழுதும் வைத்தியர்.

இத்தனைக்கும் பிறகு மாற்றுவது சரியாகும் இடங்களும் உண்டு. முனகலை ஒழிப்பதே நோக்கமென்றால், ஒற்றைச்சுருளின் அளவிலேயே வரும் இரட்டைச்சுருள் பிக்கப் நியாயமான தேர்வு. கழுத்தில் வலிய ஹம்பக்கர் இருந்து பிரிட்ஜ் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்தால், அங்கே கூடுதல் சுற்றுகளுக்குப் பொருளுண்டு. பழைய வகை வால்வ் பெருக்கி உண்மையிலேயே கையில் இருப்பவருக்கு 1972இன் தேவை இன்றும் தேவைதான். அப்போதும் கேட்கவேண்டியது கிலோ ஓம் எத்தனை என்பதை அன்று. தன்மின்தூண்டல் எத்தனை ஹென்றி, எந்தக் காந்தம், எந்த எண் கம்பி, கிட்டாரில் உள்ள வால்யூம் பாட் 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா, காந்தமுனைகளின் இடைவெளி தந்திகளின் இடைவெளியோடு பொருந்துமா என்பவை கேள்விகள். ஹம்பக்கரை 250 கிலோ ஓம் பாட்டோடு இணைத்துவிட்டு ஒலி மங்கிவிட்டது என்று அடுத்த பிக்கப்பைத் தேடுவோர், முதல் பிழையின் மேல் இரண்டாம் பிழையை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

இழப்பு பணத்தோடு நின்றிருந்தால் இத்தனை கடுமை வேண்டியிருக்காது. தன் காதில் விழுந்ததைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு, "மெலிகிறது, குத்துகிறது" என்ற சரியான சொற்கள் முதலிலேயே வாய்த்திருந்தன. அந்தச் சொற்களைப் பிடுங்கிக்கொண்டு 'ஹாட்' என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் கையில் கொடுத்தது சந்தை; அதைத் திருத்தவேண்டிய மூத்த வாசிப்பாளர்கள் அதையே வழிமொழிந்தார்கள். அடுத்த முறை எவரேனும் "இன்னும் ஹாட்டானதைப் போடு" என்று சொன்னால், அவரிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: எதைவிட? விடை வரும் வரை பழைய பிக்கப் அங்கேயே இருக்கட்டும்.