மாற்றச் சொல்லுமுன் அளந்து பாருங்கள்

பார்த்த மாத்திரத்தில் "புதுசு மாத்திடுங்க" என்கிறவரை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்வதில்லை. அவர் வியாபாரி. இந்தப் பிடிவாதம் எனக்கு வந்தது பிரான்சில், லா ரோஷெல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த ஒரு பாய்மரப் படகில்.

படகு என் தம்பியுடையது. நம் ஊரிலிருந்து சொல்தாவாகப் போனவன். பென்ஷன் வந்தபின் பழைய படகு ஒன்றை வாங்கினான். 2017 கோடையில் நான் போயிருந்தபோது அதிலிருந்த ஃபிரிட்ஜ் குளிரவில்லை. வந்த மெக்கானிக் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. கம்ப்ரசர் போய்விட்டதாம், புதிது வைக்க 1,200 யூரோவாம். ஒரு கம்பியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

நானோ குமாஸ்தா. கோப்பின் முதல் தாளைப் படிக்காமல் முடிவு எழுதக் கூடாது என்று பழக்கப்பட்டவன். "அந்தக் கையேட்டை எடுடா" என்றேன். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கைகொடுத்தது. நான் வாசித்தேன், அவன் செய்தான்.

கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிறு விளக்கை இணைத்தால் கோளாறைக் கண் சிமிட்டிச் சொல்லுமாம். ஒரு சிமிட்டல் என்றால் மின்னழுத்தம் போதவில்லை. எங்களுக்கு ஒன்றுதான் சிமிட்டியது. பேட்டரியிலோ 12.6 வோல்ட்!

"அண்ணே, இது ஓட முயலும்போது அளக்கணும்" என்றான் தம்பி. அளந்தோம். கம்ப்ரசர் முனையில் 10 வோல்ட்டுக்கும் கீழே. வழியில் ஓர் இணைப்பு உப்புக் காற்றில் பச்சையாகப் பூத்திருந்தது, கம்பியும் மெல்லிசு. வெள்ளீயம் பூசிய தடித்த கம்பியைப் போட்டோம். செலவு இருபது யூரோ. மறுநாள் காலையில் ஐஸ்.

"மெக்கானிக்கும் பிழைக்க வேண்டாமா?" என்பீர்கள். தாராளமாக. குனிந்து பார்த்ததற்குக் கூலி கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்போம். கேஸ் குழாயைப் பிரிப்பதும் நம் வேலையல்ல, அது படித்தவர் கைக்குத்தான். நான் சண்டை போடுவது பார்க்காமலே சொல்லும் தீர்ப்போடு.

பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைப் பிரான்ஸ் 2015லேயே குற்றமாக்கிவிட்டது. 2021இல் டிவி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண்ணும் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் சட்டம் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தலாம், மெக்கானிக்கைக் குனிய வைக்குமா? அதை நாம்தான் செய்யவேண்டும்.

அடுத்தமுறை உங்கள் வீட்டில் யாராவது "மாத்திடுங்க" என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "என்ன அளந்து பார்த்தீங்க தம்பி?" பதில் இல்லையென்றால் பர்ஸைத் திறக்காதீர்கள்.