ஊர்விலக்கு இப்போது இணையத்திலும்

2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பல வாசகர்களுக்குத் திறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அதைப் பற்றி வாய் திறக்காத பிரதமர், ட்ரம்ப்பின் பக்கத்தில் விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல விகடன் பிளஸ் இணைய இதழ் ஒரு கார்ட்டூன் போட்டிருந்தது. அந்த ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் முடங்கியது. தளம் முடங்கியபோது அந்நிறுவனத்தின் கையில் எந்த உத்தரவும் இல்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்கலாம் என்று இடைக்கால உத்தரவு போட்ட பிறகே தளம் திரும்பி வந்தது.

விகடன் பெரிய நிறுவனம். மூத்த வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ள முடியும். நம்முடைய ஒரு மாணவர் அமைப்பின் பக்கமோ, ஒரு கிராமத்து வன்கொடுமையை மொபைலில் படமெடுத்துப் போடும் யூடியூப் சேனலோ இப்படி ஒருநாள் காணாமல் போனால் என்ன செய்வோம்? யாரிடம் போய்க் கேட்போம்? கருத்துச் சுதந்திரம் பற்றிய விவாதத்தை நாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் தோழர்களே.

ஊரில் நம்மை விலக்கி வைக்கும்போது யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. டீக்கடையில் டீ கிடைக்காது, மளிகைக் கடையில் சாமான் கிடைக்காது, வயலில் வேலை கிடைக்காது. ஏன் என்று கேட்டால் "ஊர்ல பேசி முடிவு பண்ணிட்டாங்க" என்பார்கள். யார் பேசினார்கள், எந்தத் தேதியில், நாம் செய்த குற்றம் என்ன? பதில் வராது. தாசில்தாரிடம் மனு கொடுத்தால், "ஊர்விலக்குன்னு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். விலக்கி வைத்தவன் எழுதவில்லை. விலக்கப்பட்டவன் ஆதாரம் காட்ட வேண்டும்!

இந்திய அரசின் இணைய முடக்கம் அப்படியே இந்த ஊர்க்கட்டுப்பாட்டின் முறையில்தான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே எழுதுகிறார்கள், ஆனால் நமக்குக் காட்டுவதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நம்மில் பலருக்குத் தெரியும். முகநூலில் ஒரு வரி எழுதியதற்கும், கார்ட்டூனை மின்னஞ்சலில் அனுப்பியதற்கும் ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்த பிரிவு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதைக் கொண்டாடிய வேகத்தில், அதே தீர்ப்பு 69ஏ பிரிவை அப்படியே விட்டுவைத்ததைப் பலரும் கவனிக்கவில்லை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களைச் சொல்லி எந்த இணையப் பக்கத்தையும் முடக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருவது இந்தப் பிரிவு. அதை ஏன் விட்டுவைத்தார்கள்? முடக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து உயர்நீதிமன்றம் போகலாம். எனவே போதுமான பாதுகாப்பு இருக்கிறது என்றது நீதிமன்றம்.

ஆனால் 2009ஆம் ஆண்டின் முடக்க விதிகளை எடுத்துப் படியுங்கள். விதி 8, பதிவை எழுதியவருக்கு அல்லது அதைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது. அந்த 'அல்லது' போதும். கூகுளுக்கோ எக்ஸுக்கோ அனுப்பிவிட்டு, எழுதியவரை விட்டுவிடலாம். விதி 9, அவசரம் என்று சொன்னால் விசாரிக்காமலே முதலில் முடக்கலாம் என்கிறது. விதி 16, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. காரணத்தை எழுத வேண்டும், ஆனால் காட்ட வேண்டியதில்லை. கையில் இல்லாத உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது?

இணையத்தையே மொத்தமாக அணைப்பதற்குக்கூட இந்த ரகசியம் கிடையாது. காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று, இணையத் துண்டிப்பு உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுகள் அதைச் சரியாக மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். மாவட்டம் முழுவதும் இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும். உங்கள் ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தும் உத்தரவு ரகசியம்! இதில் என்ன தேசப் பாதுகாப்பு இருக்கிறது?

இப்போது இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 'சகயோக்' என்ற தளத்தின் வழியாக, 79(3)(பி) பிரிவின்படி, பதிவுகளை நீக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்புகிறார்கள். 69ஏ-யில் பெயரளவுக்காவது இருக்கும் குழு விசாரணை இதில் இல்லை. இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 24 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதன்பிறகு விதியைத் திருத்தி, மூத்த அதிகாரிதான் அனுப்ப வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காரணம் நிறுவனத்திடம் சொல்லப்படுகிறது. எழுதியவரிடம் அல்ல. காவல்துறையில் டிஐஜி நிலையில் உள்ளவர் இந்த அறிவிப்பை அனுப்பலாம். நம் சேரிகளில் நடக்கும் வன்கொடுமைகளில் காவல்துறை எந்தப் பக்கம் நின்றிருக்கிறது என்று தெரிந்த எவருக்கும் இதன் பொருள் புரியும்.

"இதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் பிரச்சினை, சாதி ஒழிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

2013 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதி கைது செய்யப்பட்டார். ஓர் ஐஏஎஸ் அதிகாரியின் இடைநீக்கத்தையொட்டி மாநில அரசை விமர்சித்து முகநூலில் எழுதியதுதான் காரணம். அப்போது அங்கே ஆண்டது பாஜக இல்லை, சமாஜ்வாதி கட்சி.

2018 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்து தீர்ப்பளித்தது. ஏப்ரல் 2 அன்று பெரிய கட்சிகளின் ஏற்பாடு எதுவும் இல்லாமல், பெரும்பாலும் வாட்ஸப்பிலும் முகநூலிலும் பரவிய அழைப்பில், வடஇந்தியா முழுவதும் தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள். பஞ்சாபில் மொபைல் இணையம் நிறுத்தப்பட்டது. மத்தியப்பிரதேசத்தின் குவாலியர் பகுதியிலும் நிறுத்தினார்கள். அங்கே துப்பாக்கிச் சூட்டில் தலித் இளைஞர்கள் செத்தார்கள். ஆனாலும் அந்தப் போராட்டம் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது.

2019 ஜூனில் இயக்குநர் பா. ரஞ்சித் திருப்பனந்தாளில் ராஜராஜ சோழன் காலத்து நில உரிமை பற்றிப் பேசினார். பேச்சு இணையத்தில் பரவியதும் வழக்கு பாய்ந்தது. பிறகு மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், 'நேஷனல் தஸ்தக்' என்ற அம்பேத்கரிய யூடியூப் சேனலை முடக்க ஒன்றிய அமைச்சகத்திடமிருந்து உத்தரவு வந்திருப்பதாக யூடியூப் அந்தச் சேனலுக்குத் தெரிவித்தது.

கட்சி மாறினாலும் மாநிலம் மாறினாலும் ஒன்று மாறவில்லை. 'பொது ஒழுங்கு' என்ற சொல், சேரி பேசும்போதுதான் அதிகாரிகளின் நினைவுக்கு வருகிறது.

2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட பிறகு யுவராஜ் தலைமறைவாக இருந்தபடி வாட்ஸப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுக் காவல்துறை தேடிக்கொண்டிருந்த ஆள், தமிழ்நாடு முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். சாதிப் பெருமிதக் கூட்டம் அவரை நாயகனாக்கியது. அப்போது பொது ஒழுங்கு எங்கே போயிருந்தது? அதிகாரம் இல்லாததால் அரசு சும்மா இருக்கவில்லை. மனம் இல்லாததால் இருந்தது.

ஒரு நியாயமான கேள்வி இங்கே வரும். இன்று இன்ஸ்டாகிராமில் அரிவாளோடு வரும் சாதி ரீல்ஸ், அண்ணல் அம்பேத்கரை இழிவுபடுத்தும் படங்கள், நம் பெண்களைக் குறிவைக்கும் வசை – இவற்றையெல்லாம் அரசு நீக்க வேண்டாமா? கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நாம் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். சாதிவெறிப் பேச்சு கருத்து அல்ல, குற்றம். ஆனால் குற்றத்தை அழிப்பது வேறு, குற்றவாளியைத் தண்டிப்பது வேறு. ரகசிய முடக்கம் முதலாவதை மட்டும் செய்கிறது. பதிவு போய்விடும், போட்டவன் நாளைக்கு வேறு பெயரில் வருவான், நம்மிடம் ஆதாரமும் இருக்காது.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைப் 'பசுக் காவலர்கள்' கட்டிவைத்து அடித்தார்கள். அந்த வீடியோவை வெளியே விட்டது அடித்தவர்களே. எங்களை யார் கேட்பது என்ற திமிர்! அந்த வீடியோவைத்தான் நாடு பார்த்தது. செத்த மாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இனி இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மக்கள் நடந்தார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கர் வெட்டப்பட்டது பட்டப்பகலில், கடைத்தெருவில். சிசிடிவி காட்சி வெளியே வந்திராவிட்டால் அதையும் 'முன்விரோதம்' என்று நாலு வரிச் செய்தியாக முடித்திருப்பார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் 'அமைதிக்குப் பங்கம்' என்று ஒரு மணி நேரத்தில் அரசு அழித்திருந்தால்? சட்டப்படி அதற்கு இன்று வழி இருக்கிறது என்பதுதான் என் பயம்.

சாதிவெறிப் பேச்சைத் தண்டிக்கப் புதிய ரகசிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு), எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ பட்டியலின மக்கள் மீது பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. 3(1)(வி), நம் மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவர்களை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. 18ஏ, முதல்கட்ட விசாரணை என்று இழுத்தடிக்காமல் வழக்குப் பதியச் சொல்கிறது. கடமையைச் செய்யாத அதிகாரியைத் தண்டிக்க 4ஆம் பிரிவு இருக்கிறது. இவை எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் நடப்பவை. எதிர்த்தரப்பும் வாதாடலாம். அப்படி வாங்கும் தண்டனைதான் நிற்கும்.

2012இல் என்சிஇஆர்டி பாடநூலில் இருந்த அம்பேத்கர் கார்ட்டூனை எதிர்த்தபோது, தலித்துகள் கருத்துரிமைக்கு எதிரிகள் என்று எழுதித் தள்ளினார்கள். அந்த எதிர்ப்பு நாடாளுமன்றத்தில், திருமாவளவன் போன்றோர் பெயரோடும் முகத்தோடும் நின்று எழுப்பியது. பதில் சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள். நம்மிடையே மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதினார்கள். புனேயில் பாடநூல் ஆலோசகரின் அலுவலகத்தைத் தாக்கியது தவறு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெளிப்படையாக எதிர்ப்பதும், இருட்டில் உத்தரவு போட்டு முடக்குவதும் ஒன்றல்ல.

தணிக்கை என்றால் என்ன என்று அண்ணலுக்கு நன்றாகத் தெரியும். 1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. அவர் தன் சொந்தச் செலவில் உரையை அச்சடித்து வெளியிட்டார். அதுதான் 'சாதியை அழித்தொழித்தல்'. அந்தச் சீர்திருத்தவாதிகள் அவரிடம் காரணத்தையாவது கடிதத்தில் எழுதினார்கள். இன்றைய அமைச்சகம் அதைக்கூடச் செய்வதில்லை.

நம் கோரிக்கை எளிமையானது. முடக்க உத்தரவின் நகல் பதிவை எழுதியவருக்குக் கிடைக்க வேண்டும். அவரைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அவசரம் என்றால் சில நாட்களுக்குள் விசாரணை வேண்டும். விதி 16 போக வேண்டும்.

அது நடக்கும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சாதிவெறிப் பதிவைப் பார்த்தால், நிறுவனத்திடம் புகார் செய்யும் முன்பே முழு முகவரி, தேதி, நேரத்தோடு சேமியுங்கள்; திரையைப் பதிவு செய்யுங்கள். நீதிமன்றத்தில் அது ஏற்கப்பட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். வழக்கறிஞர் தோழர்களிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பதிவு முடக்கப்பட்டால் நிறுவனத்திடமிருந்து வரும் மின்னஞ்சலை அழிக்காதீர்கள். உத்தரவின் நகலை எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மறுப்பார்கள், மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மறுப்பும் ஒரு காகிதம்தான். வழக்குக்குப் போகும்போது கையில் இருக்கும். நம் எழுத்துகளை ஒரே நிறுவனத்தின் தளத்தில் மட்டும் வைத்திருக்காதீர்கள். துண்டறிக்கையும் சிற்றிதழும் இன்னும் செத்துப்போகவில்லை.

ஊர்விலக்கை எதிர்த்தபோது நம் பெரியவர்கள் முதலில் கேட்டது, "யார் சொன்னது? எதிரே வந்து சொல்லச் சொல்" என்பதுதான். தில்லியிடமும் அதையே கேட்போம்.